பாடசாலையில் சங்கீதமும் நாடகமும்: பெற்றோரும் புதிய ஆசிரியர்களும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இலங்கையின் தமிழ்மொழிமூலப் பாடசாலைகளில் கர்நாடக சங்கீதமும், நாடகமும் அரங்கியலும் கற்பிக்கப்படும் முறை பற்றி, ஒவ்வொரு ஆண்டும் முதலாம் தவணையில் பாடத்தெரிவு நடக்கும்போதும் பின்னர் போட்டிக் காலம் நெருங்கும்போதும் பெற்றோரும் புதிதாக நியமனம் பெற்ற ஆசிரியர்களும் என்னிடம் கேட்கும் கேள்விகளையும், நான் வழமையாகச் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன். பாடவிதானம் அவ்வப்போது திருத்தப்படுவதால், உங்கள் பிள்ளை படிக்கும் ஆண்டுக்குரிய சுற்றறிக்கையை அதிபரிடம் கேட்டு உறுதிப்படுத்திக்கொள்வது நல்லது.

எந்தத் தரத்தில் பிள்ளை எதைப் படிக்கும்?

தரம் 1 முதல் 5 வரையான ஆரம்பப் பிரிவில் சங்கீதமோ நாடகமோ தனியான பரீட்சைப் பாடம் அல்ல. பாட்டும் அபிநயமும் தாய்மொழி, சமயம், சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள் ஆகியவற்றோடு கலந்தே வருகின்றன; பெரும்பாலும் வகுப்பாசிரியரே அவற்றையும் நடத்துகிறார். தரம் 6 இல் அழகியல் என்ற பெயரின் கீழ்ச் சித்திரம், சங்கீதம், நடனம், நாடகமும் அரங்கியலும் ஆகியவற்றுள் ஒன்றைப் பிள்ளை தெரிவுசெய்கிறது. தரம் 9 வரை அதையே தொடர்வது வழமை. தரம் 10 இல் க.பொ.த. சாதாரண தரப் பாடத்தெரிவு வருகிறது: ஆறு கட்டாயப் பாடங்களோடு மூன்று தொகுதிகளிலிருந்து ஒவ்வொரு பாடமாக எடுத்து, மொத்தம் 9 பாடங்கள். அழகியற் பாடங்கள் இலக்கியப் பாடங்களோடு சேர்ந்து இரண்டாம் தொகுதியில் இருக்கின்றன. உயர்தரத்தில் கலைப்பிரிவு மாணவர் தமது மூன்று பிரதான பாடங்களுள் சங்கீதத்தையோ நாடகமும் அரங்கியலும் என்பதையோ எடுக்கலாம்.

இது ஏட்டில் உள்ள ஒழுங்கு. நடைமுறையில், எந்தப் பாடத்துக்கு ஆசிரியர் இருக்கிறாரோ அந்தப் பாடமே பிள்ளையின் "தெரிவு" ஆகிவிடுவது சின்னப் பாடசாலைகளில் சாதாரணம். நாடக ஆசிரியர் இல்லாத பாடசாலையில் நாடகத்தை விரும்பிய பிள்ளை சித்திர வகுப்பில் இருந்து மரம் வரைந்துகொண்டிருக்கும்.

ஆரம்பப் பிரிவில் சங்கீத ஆசிரியர் இல்லை. வகுப்பாசிரியருக்குச் சுருதியும் தெரியாது என்றால், பிள்ளை என்னத்தைக் கற்கும்?

இந்தக் கேள்வியில் ஒரு பிழையான எண்ணம் ஒளிந்திருக்கிறது. ஆறு வயதுப் பிள்ளைக்கு முதலில் வேண்டியது, சங்கீதத்தின் முதற் ஸ்வரப் பயிற்சியான சரளி வரிசை அல்ல. ஒரே சீராகக் கைதட்டுவதும், மற்றவன் பாடி முடிக்கும் வரை காத்திருப்பதும், உரத்துக் கத்துவதற்கும் உரத்துப் பாடுவதற்கும் உள்ள வேறுபாட்டைக் காதால் அறிவதும் ஆகும். இவற்றைச் சங்கீதம் படிக்காத ஓர் ஆசிரியரும் நன்றாகச் செய்விக்கலாம். நான் பார்த்த ஒரு வகுப்பாசிரியை, மிருதங்கச் சொற்கட்டு ஒன்றும் படித்தவர் அல்லர். ஆனால் தரம் 3 பிள்ளைகளை வட்டமாக நிறுத்தி, ஒரு பாதியை "மாம்பழம்" என்றும் மறுபாதியை "பலாப்பழம்" என்றும் சொல்லச் சொல்லி, ஒவ்வோர் அசைக்கும் ஒரு தட்டாகத் தட்டவைத்தார். மாம்பழத்துக்கு மூன்று, பலாப்பழத்துக்கு நான்கு. இரண்டையும் விடாமல் அடுத்தடுத்துச் சொன்னபோது ஏழு தட்டு வந்தது. சங்கீதக்காரர் "தகிட தகதிமி" என்று சொல்லி மிஸ்ரம் என்று பெயரிடும் கணக்கு அதுதான். பெயர் தெரியாமலே அந்தப் பிள்ளைகள் அதைக் காலால் நடந்து காட்டினார்கள்.

நாடகத்துக்கும் இதே கதைதான். ஆரம்பப் பிரிவில் வசனம் மனனஞ் செய்த நாடகம் தேவையில்லை. கடைக்காரரும் வாங்க வந்தவரும், பேருந்தில் இடம் தேடும் கிழவி, மழைக்கு ஒதுங்கிய ஆடு, இவ்வளவும் போதும். யாழ்ப்பாணத்தில் 1978 இல் நாடக அரங்கக் கல்லூரியை நிறுவிய குழந்தை ம. சண்முகலிங்கம் சிறுவருக்கான நாடகங்களை எழுதியபோது அவற்றை விளையாட்டிலிருந்தே கட்டியெழுப்பினார். பிள்ளை மேடையில் விளையாட வேண்டும், பெரியவர் போல உரை நிகழ்த்தக் கூடாது என்பது அங்கிருந்து எங்கள் ஆசிரியர்களுக்கு வந்த பாடம்.

இதற்கெல்லாம் உண்மையான இடைஞ்சல் ஆசிரியரின் சுருதியறிவு அல்ல, ஐந்தாம் தரப் புலமைப்பரிசில். தரம் 4 தொடங்கியதும் பாட்டு நேரம் மாதிரி வினாத்தாள் நேரமாக மாறிவிடுகிறது. பெற்றோர் தாமே அதைக் கேட்டு வாங்குகிறார்கள் என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

என் பிள்ளைக்குக் குரல் இல்லை. தரம் 6 இல் சங்கீதம் எடுக்கலாமா?

பதினொரு வயதில் "குரல் இல்லை" என்று தீர்மானிக்க எவராலும் முடியாது. பிள்ளை சுருதியோடு சேரவில்லை என்றால், பெரும்பாலும் அது கேட்டுப் பழகவில்லை என்பதே பொருள். தம்புராவோ சுருதிப் பெட்டியோ ஒலிக்க, அதன் ஸட்ஜத்தோடு, அதாவது 'ஸ' என்ற ஆதார ஸ்வரத்தோடு, வாயை மூடி முனகச் சொல்லிப் பாருங்கள். இரண்டு மூன்று கிழமையில் பல பிள்ளைகள் வந்து சேர்ந்துவிடுவார்கள். தவிர, பாடசாலைச் சங்கீதம் கச்சேரி செய்பவரை உருவாக்க வைத்த பாடம் அல்ல. கேட்கத் தெரிந்தவரையும், ஒரு குழுவுக்குள் தன் குரலை அளவோடு வைக்கத் தெரிந்தவரையும் உருவாக்கினாலே அது தன் வேலையைச் செய்துவிட்டது.

நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் சரளி வரிசையை எப்படிக் கற்பிப்பது?

புதிய ஆசிரியர்கள் அதிகம் கேட்பது இதுதான். பதிலும் கொஞ்சம் நீளம்.

நாம் எல்லோரும் குருவின் முன்னால் ஒருவராகவோ மூவராகவோ இருந்து கற்றவர்கள். அந்த முறையை அப்படியே 40 நிமிடப் பாடவேளைக்குள்ளும் 40 பிள்ளைகளுக்குள்ளும் கொண்டுவந்தால், முன்வரிசையில் உள்ள ஐந்து பேர் பாடுவார்கள், மற்றவர்கள் வாயசைப்பார்கள். புரந்தரதாசர் வகுத்ததாகப் போற்றப்படும் ஆரம்பப் பாடங்கள், அதாவது மாயாமாளவகௌளையில் சரளி வரிசை, ஜண்டை வரிசை, பின்னர் ஏழு தாளங்களில் அலங்காரம், கற்பித்தலுக்காகவே மிகுந்த யோசனையோடு அடுக்கப்பட்டவை. மாயாமாளவகௌளையில் ஸ-ரி, க-ம, ப-த, நி-ஸ என்ற நான்கு இடங்களிலும் ஸ்வரங்கள் ஒன்றையொன்று நெருங்கி நிற்கின்றன. மேற்பாதி கீழ்ப்பாதியின் நிழல் போல அமைந்திருப்பதால், கீழே பிடித்த இடைவெளியையே பிள்ளை மேலேயும் பிடித்துக்கொள்ளலாம். இந்த நயத்தைச் சொல்லாமல் வெறுமனே ஒப்புவிக்கச் செய்வதால்தான் அது சலிப்பூட்டுகிறது.

என் வழமையைச் சொல்கிறேன். வகுப்பை நான்கு அணியாகப் பிரித்து, ஓர் அணி பாட, ஓர் அணி தாளம் போட, ஓர் அணி ஸட்ஜத்தை மட்டும் பிடித்து நிற்க, நான்காவது அணி கண்ணை மூடிக் கேட்டு எங்கே பிசகியது என்று சொல்ல வேண்டும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அணிகள் மாறும். கேட்கும் அணிதான் வகுப்பிலே கடினமாக உழைக்கும் அணி. மெதுவான முதலாங்காலம் நிலைபெறாமல், அதன் இரட்டை வேகமான இரண்டாங்காலத்துக்குப் போக வேண்டாம். மூன்று காலத்திலும் வேகமாகப் பாடுவது கண்காணிக்க வரும் ஆசிரிய ஆலோசகருக்கு அழகாகத் தெரியும், ஆனால் நாற்பது பேரும் ஒரு வரிசையை முதலாங்காலத்தில் ஒரே குரலாகப் பாடினால் பக்கத்து வகுப்புக் கணித ஆசிரியர் கதவடியில் வந்து நிற்பார். எனக்கு அது நடந்திருக்கிறது.

நாட்டார் பாடலை இதற்குள் சேர்க்கத் தவற வேண்டாம். ஏர்ப் பாட்டு, ஓடப் பாட்டு, தாலாட்டு, கும்மி ஆகியவை பாடத்திட்டத்திலும் உள்ளன. பிள்ளையின் ஊரிலும் இன்னும் யாரோ ஒருவரின் வாயில் உள்ளன. மட்டக்களப்புப் பக்கத்துப் பிள்ளைக்கு வசந்தன் பாட்டின் கோலடி, அலங்காரத்தைவிட முதலில் தாளத்தைக் கற்றுக்கொடுத்துவிடும். காலைப் பிரார்த்தனையில் நாள்தோறும் பாடும் தேவாரமும் ஒரு சங்கீத வகுப்புத்தான். திருக்கேதீச்சரத்தையும் திருக்கோணமலையையும் சம்பந்தர் பாடியிருக்க, அந்தப் பதிகங்களைக்கூட நாம் மூச்சு வாங்க ஓடிமுடிக்கிறோம்.

ஆண் பிள்ளை தரம் 8 இல் திடீரெனப் பாட மறுக்கிறான். ஏன்?

பெரும்பாலும் மகரக்கட்டு உடைந்திருக்கும். பன்னிரண்டு முதல் பதினைந்து வயதுக்குள் குரல்வளை வளர்ந்து, குரல்நாண்கள் நீண்டு தடித்து, சுருதி கீழே இறங்கும். அந்த இடைக்காலத்தில் குரல் பிள்ளையின் சொற்கேளாமல் வழுக்கும். பழைய பாய்ஸ் கம்பனி நாடகக்காரருக்கு இது நன்றாகத் தெரிந்த விபத்து. சங்கரதாஸ் சுவாமிகள் காலத்துச் சிறுவர் நாடகக் குழுக்களில் மகரக்கட்டு உடைந்த பையனிடமிருந்து பாட்டுள்ள வேடம் கைமாறிப் போகும்.

ஒரு பாடசாலையில் நடந்ததைச் சொல்கிறேன். பண்ணிசையில் முதலிடம் எடுத்துவந்த ஒரு மாணவனுக்கு வலயப் போட்டிக்கு இரண்டு கிழமைக்கு முன்னர் குரல் உடையத் தொடங்கியது. பரிசு கைவிட்டுப் போகுமே என்ற பதற்றத்தில், அவனுக்குச் சுடுநீரும் கற்கண்டும் கொடுத்து, பழைய உயர்ந்த ஐந்து கட்டைச் சுருதியிலேயே நாள்தோறும் பாடவைத்தார்கள். மேடையில் தார ஸட்ஜத்தில், அதாவது மேல் ஸ்தாயி 'ஸ' வில், குரல் கிழிந்தது. பின்வரிசையில் சிலர் சிரித்தார்கள். பதிகத்தை முடிக்காமலே இறங்கினான். அதற்குப் பின் பாடசாலைப் பிரார்த்தனையிலும் அவன் வாய் திறந்ததை நான் காணவில்லை. அங்கே இருந்த ஆசிரியர்களுள் நானும் ஒருவன்; "சுருதியைக் குறையுங்கள்" என்று சொல்லாமல் இருந்தேன்.

செய்ய வேண்டியது கடினமானதல்ல. முதலில் மாணவனுக்கு என்ன நடக்கிறது என்பதை மறைக்காமல் விளக்குங்கள். வெட்கத்தில் பாதி அங்கேயே போய்விடும். சுருதியை அவனது பேச்சுக்குரலுக்கு அருகே இறக்கி, மத்திய ஸ்தாயியின் நாலைந்து ஸ்வரங்களுக்குள் பாடவையுங்கள். வளர்ந்த ஆண் குரல் பொதுவாக ஒன்று, ஒன்றரைக் கட்டையில் போய் நிலைகொள்ளும், ஆனால் அங்கே போய்ச் சேர மாதங்கள் எடுக்கும். அந்தக் காலத்தில் மிருதங்கமோ வயலினோ கையில் கொடுக்கலாம், ஸ்வரக் கோவைகளை எழுதவைக்கலாம். மேல் ஸ்தாயியைக் கத்திப் பிடிக்க மட்டும் விடாதீர்கள்.

வெளியில் வட இலங்கை சங்கீத சபைப் பரீட்சைக்குப் படிக்கிறாள். பாடசாலையிலும் சங்கீதம் எடுக்க வேண்டுமா?

இரண்டும் ஒன்றுக்கொன்று மாற்று அல்ல. 1931 முதல் இயங்கிவரும் வட இலங்கை சங்கீத சபையின் பரீட்சைகள் தரம் தரமாக ஏறி ஆசிரியர் தரத்தில் முடிகின்றன. அங்கே தனிப் பயிற்சியின் ஆழம் கிடைக்கும். பாடசாலைப் பாடத்தில் ஈழத்து இசை மரபு, நாட்டார் இசை, பிற இசை முறைகள் பற்றிய அறிமுகம், குழுவாகப் பாடுதல் என்பன கிடைக்கும். சபையின் தரம் 3 சித்தியடைந்த பிள்ளை பாடசாலையின் தரம் 8 வகுப்பில் சலிப்படைவது இயல்புதான். அந்தப் பிள்ளையை ஓர் அணிக்குத் தலைமையாக்கிவிட்டால் ஆசிரியருக்கும் உதவி, பிள்ளைக்கும் வேலை. சாதாரண தரத்தில் இலக்கியம் எடுக்க விரும்பினால் சபை வழியே சங்கீதத்தைத் தொடர்வதும் நியாயமான முடிவே.

நாடகமும் அரங்கியலும் என்றால் நடிப்புப் பயிற்சியா?

அதுவும் உண்டு. ஆனால் தரம் 6, 7 இல் அரங்க விளையாட்டுகள்தாம் அதிகம்: ஒருவர் அசைய மற்றவர் கண்ணாடி போல அசைவது, சொல் இல்லாமல் ஒரு வேலையைச் செய்துகாட்டுவது, உறைநிலைக் காட்சி அமைப்பது. தரம் 8, 9 இல் சின்னச் சின்னக் காட்சிகளை மாணவரே கட்டத் தொடங்குவர். தரம் 10 இலிருந்து வரலாறு கனமாக வருகிறது. கிரேக்க அரங்கு, சமஸ்கிருத அரங்கு, ஈழத்துக் கூத்து மரபுகள், இசை நாடகம், சிங்கள அரங்கில் 1956 இல் எதிரிவீர சரச்சந்திர மேடையேற்றிய 'மனமே' எனப் பரந்த பரப்பு. காட்சியமைப்பு, ஒளி, ஒப்பனை, வேட உடை, நெறியாள்கை ஆகியவையும் படிக்க வேண்டும்.

ஆபத்து இங்கேதான் தொடங்குகிறது. பரப்பு பெரிது, பாடவேளை சில. ஆகவே ஆசிரியர் குறிப்புக் கொடுக்கத் தொடங்குகிறார். "மேடை ஒன்பது பாகங்களாகப் பிரிக்கப்படும்" என்று எழுதி, கட்டம் கீறி, பெயரிட்டு மனனஞ் செய்யும் மாணவர், ஒருநாளும் அந்த ஒன்பது பாகத்தில் ஒன்றிலேனும் காலூன்றி நின்றிருக்க மாட்டார். வகுப்புத் தரையில் சுண்ணக்கட்டியால் ஒன்பது கட்டம் கீறுங்கள். ஒரு மாணவரை நடு மையத்திலும் இன்னொருவரை மேல் இடதிலும், அதாவது மேடையின் பின்பக்க இடப்புறத்திலும், நிறுத்தி, இருவரும் "அம்மா இல்லை" என்ற ஒரே வசனத்தைச் சொல்லட்டும். எவரைப் பார்த்துக் கண் போகிறது என்று வகுப்பைக் கேளுங்கள். பிறகு இடம் மாற்றுங்கள். பத்து நிமிட வேலை. அதற்குப் பிறகு கொடுக்கும் குறிப்பு பரீட்சை மண்டபத்திலும் மறவாது.

கூத்து கிராமத்துக் கலை. அது பாடசாலைக்குள் எப்படி வந்தது?

பல்கலைக்கழகம் வழியாக வந்தது என்று சொல்லலாம். 1950 களின் பிற்பகுதியிலிருந்து பேராசிரியர் சு. வித்தியானந்தன் இலங்கைக் கலைக்கழகத்தின் தமிழ் நாடகக் குழுவூடாக, கூத்துப் பழக்கும் ஆசான்களான அண்ணாவிமாரைத் தேடிப்போய், கூத்துப் பிரதிகளைப் பதிப்பித்து, போட்டிகளையும் நடத்தினார். பேராதனைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு 'கர்ணன் போர்', 'நொண்டி நாடகம்', 'இராவணேசன்' ஆகியவற்றை 1960 களின் முற்பகுதியில் மேடையேற்றியபோது, விடிய விடிய வட்டக்களரியில் ஆடப்பட்ட கூத்து, முன்பக்கம் மட்டும் திறந்த படச்சட்ட மேடைக்கும் இரண்டு மணித்தியாலத்துக்குள் அடங்கும் நேரத்துக்கும் வந்து சேர்ந்தது. இராவணனாக ஆடிய மாணவர் சி. மௌனகுரு பின்னர் பேராசிரியராகி அந்த வழியை அடுத்த தலைமுறைக்குக் கொண்டுபோனார். அந்த மாணவருள் பலர் ஆசிரியராகப் பாடசாலைகளுக்குப் போனார்கள். கூத்தும் அவர்களோடு போனது.

இந்த மாற்றத்தில் கிடைத்ததும் உண்டு, இழந்ததும் உண்டு. நகரத்துப் பிள்ளையும் கூத்தைக் காணவும் மதிக்கவும் முடிந்தது. ஆனால் களரியைச் சுற்றி நாலு பக்கமும் ஊர் இருந்து பார்த்த ஆட்டம், ஒரு பக்கத்துப் பார்வையாளருக்கும் நடுவர் மேசைக்கும் ஆடும் ஆட்டமாகச் சுருங்கியது. பாடசாலையில் கூத்துப் பழக்கும்போது முடிந்தால் ஒருநாளாவது மைதானத்தில் வட்டமாக ஆடவையுங்கள். மட்டக்களப்பின் இருவகைக் கூத்துகளான வடமோடி, தென்மோடியாயினும், மன்னாரின் கத்தோலிக்கக் கூத்தாயினும், மலையகத்தின் காமன் கூத்தாயினும், உங்கள் பிரதேசத்து மரபையே முதலில் எடுங்கள்.

அண்ணாவியாரை வகுப்புக்கு அழைப்பதில் தயங்க வேண்டாம். நாங்கள் ஒருமுறை அழைத்திருந்தோம். வந்தவர் கதிரையில் இருக்கவில்லை. பாயில் இருந்து, மத்தளத்தை மடியில் அணைத்து, பிள்ளைகளை வரிசையில் நிறுத்தாமல் வட்டமாகச் சுற்றிவர விட்டார். தாளக்கட்டை வாயாற் சொல்வார், கையால் வாசிப்பார், கண்ணால் எவன் கால் பிந்துகிறது என்று பார்ப்பார். ஒரு மணித்தியாலமும், பாத்திரம் களரிக்குள் வரும்போது ஆடும் ஒரே வரவாட்டந்தான். "இன்னொன்று பழக்குங்கள் ஐயா" என்று ஓர் ஆசிரியர் கேட்டதற்கு, "கால் இன்னும் பேசயில்லை, தம்பி" என்றார். பாடக்குறிப்பேட்டில் அதை எந்தத் தேர்ச்சியின் கீழ் எழுதுவது என்று எங்களுக்குத் தெரியவில்லை.

பெண் பிள்ளை கூத்தாடலாமா? முஸ்லிம் பாடசாலைகளில் என்ன செய்வது?

மரபுக் கூத்தில் பெண் வேடத்தையும் ஆண்களே ஆடினார்கள். பாடசாலைக் கூத்தில் அந்த வரம்பு எப்போதோ உடைந்துவிட்டது. மகளிர் பாடசாலைகளில் தருமனும் வீமனும் மாணவிகளே. ஆட்டத்தின் மூச்சும் உடல்வலுவும் பயிற்சியால் வருவன.

முஸ்லிம் பாடசாலைகளில் சங்கீதத்தையும் நடனத்தையும் எல்லாக் குடும்பங்களும் விரும்புவதில்லை. பலர் சித்திரத்தையோ அரபு இலக்கியத்தையோ எடுக்கின்றனர். அதை மதித்தே பேச வேண்டும். அதே நேரத்தில் கிழக்கு முஸ்லிம் ஊர்களில் கோல்களைத் தட்டி ஆடும் பொல்லடியும் றபான் என்ற கைப்பறையும் நாட்டார் கவியும் வளமான மரபுகள். அவற்றை அறிந்த ஆசிரியர் தாளத்தையும் குழு ஒத்திசைவையும் அவற்றின் வழியே கற்பிக்கலாம்.

மேடை நாடகத்துக்குப் பிள்ளைகளை எப்படித் தெரிவது?

நல்லாய்ப் பேசுகிற மூவருக்கு முக்கிய பாத்திரம், மிச்சப் பேருக்கு மரம், மலை, சேவகன் என்ற பங்கீட்டைத் தரம் 9 வரையாவது கைவிடுங்கள். எல்லோரும் ஒன்றாக நின்று கதைசொல்லும் எடுத்துரைஞர் குழு வடிவம் எங்கள் அரங்கில் நன்கு பழகியது. அதில் முப்பது பிள்ளைக்கும் வேலை உண்டு, பாட்டும் உண்டு, அசைவும் உண்டு. ஒலிவாங்கி தேவைப்படாத அளவுக்குக் குரல் கூடும். திக்குவாய் உள்ள பிள்ளையும் குழுவாகச் சொல்லும் வசனத்தில் பலவேளை திக்காமல் சொல்லும். பாடும்போது திக்கல் மறைவதையும் ஆசிரியர்கள் கண்டிருப்பீர்கள். இதைச் சிகிச்சை என்று எண்ண வேண்டாம்; ஆனால் அந்தப் பிள்ளை வகுப்பின் முன்னால் தயக்கமின்றி நின்ற ஒரு நாள் அதற்குப் பெரிது. போர்க்காலத்தில் மட்டக்களப்பில் 1996 இல் தொடங்கிய வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்காவில் கதை, விளையாட்டு, இசை, நாடகம் ஆகியவற்றை வைத்தே தமிழ், முஸ்லிம் பிள்ளைகளை ஒன்றாக இருத்தினார்கள். அங்கே எவருக்கும் புள்ளி போடப்படவில்லை.

தமிழ்த்தினப் போட்டிகளால் இந்தப் பாடங்களுக்கு நன்மையா, தீமையா?

அகில இலங்கைத் தமிழ்மொழித்தினப் போட்டி பாடசாலையில் தொடங்கி, கோட்டம், வலயம், மாகாணம் என ஏறித் தேசிய மட்டம் வரை போகிறது. தனி இசை, குழு இசை, நாட்டுக்கூத்து, இசை நாடகம் முதலியவற்றுக்கு அது ஒரு மேடை. அது இல்லாவிட்டால் பல பாடசாலைகளில் கூத்துப் பழக்குவதற்கான காரணமே இருக்காது. இசை நாடக நடிகர் நடிகமணி வி. வி. வைரமுத்துவின் அரிச்சந்திர மயான காண்டத்தைக் கண்டு வளர்ந்த ஊர்களில் இசை நாடகத்தின் மெட்டுகள் பிள்ளைகளின் வாயில் இன்றும் நிற்பதற்கு இந்தப் போட்டியும் ஒரு காரணம்.

தீமை வேறிடத்தில் இருக்கிறது. போட்டிக்குத் தெரிவான எட்டுப் பேரை எடுத்துக்கொண்டு ஆசிரியர் மண்டபத்துக்குப் போய்விடுவார். வகுப்பில் உள்ள முப்பது பேருக்கு ஒரு தவணை முழுவதும் "அமைதியாக இருந்து வாசியுங்கள்". சில இடங்களில் வெளியிலிருந்து சம்பளத்துக்கு ஒருவரைக் கொண்டுவந்து பழக்குவார்கள். பாட ஆசிரியர் தேநீர் ஏற்பாடு செய்வார். நடுவர் தீர்ப்புச் சரியில்லை என்று பெற்றோர் சண்டையும் நடக்கும். என் கருத்து இதுதான்: போட்டி நாடகத்தை முதலில் முழு வகுப்பும் பழகட்டும். தெரிவு கடைசி மாதத்தில் நடக்கட்டும். தெரிவாகாதவர்கள் அதே நாடகத்தை வாணி விழாவிலோ ஒளி விழாவிலோ பரிசளிப்பு விழாவிலோ ஆடட்டும்.

எவ்வளவு செலவாகும்? வாத்தியம் வாங்க வேண்டுமா?

வாய்ப்பாட்டுக்குச் சுருதி மட்டும் போதும். கைபேசியிலேயே தம்புராச் செயலி கிடைக்கிறது. வயலின் படிப்பதானால், பிள்ளையின் கை நீளத்துக்கேற்ற அளவில் வாங்க வேண்டும். "வளர்ந்தபின் உதவும்" என்று பெரியதை வாங்கினால் தோளும் மணிக்கட்டும் கெடும். மிருதங்கம் பழையதாக வாங்கி வார்பிடித்துக்கொள்ளலாம். நாடகத்துக்கு வேட உடையை வாடகைக்கு எடுக்கும் பழக்கத்தைக் குறையுங்கள். இரண்டு சேலையும் நாலு மூங்கிலும் போதிய இடத்தில் மினுக்கும் பட்டுடை எதற்கு?

செயன்முறைப் பரீட்சைக்கு எப்படி ஆயத்தமாவது?

சாதாரண தரம், உயர்தரம் இரண்டிலும் எழுத்துப் பரீட்சை வேறு, செயன்முறை வேறு. செயன்முறை வேறொரு நாளில் பரீட்சகர் முன்னிலையில் நடக்கும். சங்கீதத்தில் பிள்ளைகள் புள்ளி இழப்பது பெரும்பாலும் கடினமான உருப்படியில் அல்ல. தாளத்தைக் கையில் போட்டபடி எளிய அலங்காரத்தைப் பாடும்போதுதான். கையும் வாயும் பிரிந்துவிடும். நாடகத்தில் இழப்பது, கொடுக்கப்பட்ட சூழலை உடனடியாக ஆற்றுகை செய்யும்போது. பேசத் தொடங்குமுன் எங்கே நிற்கிறேன், கையில் என்ன இருக்கிறது என்று நினைப்பதற்குப் பத்து விநாடி எடுங்கள் என்பேன். கடந்தகால வினாத்தாள் எழுத்துக்கு உதவும். இதற்கு உதவாது.

உயர்தரத்துக்குப் பின் வழி உண்டா?

உண்டு. மருதனார்மடத்தில் 1960 இல் இராமநாதன் இசைக் கல்லூரியாகத் தொடங்கிய நிறுவனம் இன்று யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பகுதி. மட்டக்களப்பில் 1982 இல் இசை நடனக் கல்லூரியாகத் தொடங்கியது இன்று கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகம். 'யாழ் நூல்' எழுதிய விபுலாநந்தரின் ஊர்ப் பக்கத்தில் அவர் பெயராலேயே இயங்குகிறது. இவற்றுக்கு உயர்தரப் பெறுபேறு மட்டும் போதாது. உளச்சார்புப் பரீட்சையும் உண்டு, அதற்கான விண்ணப்பத் திகதியைத் தவறவிட்டு அழுத மாணவர்களை ஒவ்வோர் ஆண்டும் காண்கிறேன். தேசிய கல்வியியற் கல்லூரி வழியாக ஆசிரியராவது இன்னொரு பாதை. பட்டம் முடித்தோர் நியமனத்துக்காகக் காத்திருக்க நேர்வதையும் பிள்ளையிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

வீட்டில் பெற்றோர் என்ன செய்யலாம்?

சங்கீதம் படிக்கும் பிள்ளை காலையில் பதினைந்து நிமிடம் பாடும்போது தொலைக்காட்சியை நிறுத்துங்கள். பிழை திருத்த வேண்டாம். நாடகம் படிக்கும் பிள்ளைக்கு வசனம் கேட்டுக் கொடுங்கள். எதிர்ப்பாத்திரத்தின் வசனத்தை நீங்களே வாசியுங்கள், நடிக்கத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. கோயில் திருவிழாவில் கூத்தோ இசை நாடகமோ நடந்தால் கூட்டிப்போங்கள். முழு இரவும் இருக்க முடியாது என்றால், நடுச்சாமத்தில் பிள்ளையை எழுப்பித் தோளில் போட்டுக்கொண்டு போய், முக்கியமான கட்டத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள். எங்களை எங்கள் அப்புமார் அப்படித்தான் கூட்டிப்போனார்கள். பாயில் அரைத் தூக்கத்தில் கேட்ட மத்தளச் சத்தத்தைத்தான் இன்று வகுப்பில் தேடிக்கொண்டிருக்கிறேன்.